எழுதிக்கொடுத்திருந்தால்

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கத்திலோ பாகூர்ப் பக்கத்திலோ வயதான யாரிடமாவது பிரான்ஸ் என்று பேச்செடுத்துப் பாருங்கள். ரொம்ப நேரம் ஆகாது, இப்படி ஒரு வாக்கியம் வந்து விழும்: “எங்க தாத்தா மட்டும் அன்னிக்கு எழுதிக்கொடுத்திருந்தா, நாங்கல்லாம் பிரான்சுலயே பொறந்திருப்போம்.” சிலர் இதை ஏக்கத்தோடு சொல்வார்கள். சிலர் எதிர்ப்பக்கமாக, “நல்ல வேளை, எழுதிக்கொடுக்கல. கொடுத்திருந்தா இந்த நெலத்த யாரு பாத்திருப்பா?” என்பார்கள். எந்தப் பக்கமாகச் சொன்னாலும் வாக்கியத்தின் கட்டு ஒன்றுதான். நடக்காத ஒன்று முதல் பாதியில். அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இரண்டாம் பாதியில்.

இந்த இரண்டாம் பாதியைப் பிரெஞ்சில் சொல்ல ஒரு வினை வடிவம் இருக்கிறது. கோந்திசியோனெல் பஸே என்று அதற்குப் பெயர். என்னிடம் மாலையில் பிரெஞ்சு படிக்க வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு கொம்யூன்களின் கிராமத்துப் பிள்ளைகள். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி1 நிலையை முடித்து பி2-வுக்குத் தயாராகும்போது இந்த வடிவத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அட்டவணை, அதற்குக் கீழே இங்கிலீஷில் விளக்கம், அதற்குக் கீழே கோடிட்ட இடங்கள். இங்கிலீஷின் ‘வுட் ஹாவ்’ என்ற இரட்டைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். அந்த இரட்டைச் சொல்லே அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரியாத ஊருக்குத் தெரியாத வழியில் போகச் சொல்வது என்ன நியாயம்?

நான் பல வருடமாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வடிவம் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே இல்லை. பிரெஞ்சு இதை எப்படிக் கட்டுகிறதோ, கிட்டத்தட்ட அப்படியேதான் தமிழும் கட்டுகிறது. தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. நடுவில் இங்கிலீஷை நிறுத்துவதால்தான் சிக்கல்.

அதற்கு முன்னால் அந்த ‘எழுதிக்கொடுப்பது’ என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம்.

1954 அக்டோபர் 18. வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற கீழூர் என்ற சின்னக் கிராமத்தில், பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி கைமாறவில்லை. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-இல்தான் கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, அது நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. அந்த நாளிலிருந்து ஆறு மாத அவகாசம். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் மட்டும் அந்த ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும்.

ஒரே ஒரு கடிதம். கொடுத்த குடும்பங்கள் ஒரு பக்கம் போயின, கொடுக்காத குடும்பங்கள் இன்னொரு பக்கம் நின்றன. பட்டாளத்தில் இருந்தவர்கள், அதாவது நம் ஊரில் சொல்தா என்று சொல்கிறோமே அவர்கள், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள் எனப் பலர் விவரம் தெரிந்து எழுதிக்கொடுத்தார்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேருக்குச் சேதியே வந்து சேரவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். சேதி தெரிந்தும் ‘நமக்கெதுக்கு’ என்று இருந்தவர்கள் உண்டு. நம் நாடு வந்துவிட்டது, இனி அந்நியன் காகிதம் எதற்கு என்று மனதார மறுத்தவர்களும் உண்டு. அவர்களை இந்தப் பேச்சில் மறந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆக, இந்தக் கிராமங்களில் நடக்காத இறந்தகாலம் என்பது இலக்கணப் புத்தகத்துச் சமாசாரமே அல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில் பேசப்படுகிற விஷயம். அதனால்தான் நான் பாடத்தை அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். பிரெஞ்சு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உச்சரிப்பு ஏறக்குறையத்தான் வரும், மன்னிக்கவும். ‘ழ’ வருகிற இடத்தில் தமிழ் ழகரத்தைச் சொல்லாமல், ‘ழான்’ என்ற பிரெஞ்சுப் பெயரை நம் ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அந்த ஒலியைச் சொல்லுங்கள்.

‘பார்த்திருப்பேன்’ என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள். பார்த்து, இருப்பேன். பார்த்து என்பது இறந்தகால வினையெச்சம். இருப்பேன் என்பது எதிர்காலம். முடிந்த செயல் ஒன்றையும் இன்னும் வராத காலம் ஒன்றையும் தமிழ் ஒட்டவைக்கிறது. ஒட்டியதும், நடந்திருக்கக்கூடிய ஆனால் நடக்காத ஒரு செயல் பிறக்கிறது. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை “நீ குடுத்திருந்தா நான் சாப்ட்டிருப்பேன்” என்று சொல்லிவிடுகிறது.

பிரெஞ்சில் அதே ‘பார்த்திருப்பேன்’: ழோரே வ்யூ. வ்யூ என்பது பார்த்து. ழோரே என்பது இருப்பேன். வரிசை மட்டும் தலைகீழ், துணைவினை முன்னால் வருகிறது. அந்த ‘ழோரே’வையும் உடைத்துப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். அதில் இருக்கிற ‘ஓர்’ என்பது, உடைமையைச் சொல்கிற அவ்வார் என்ற வினையின் எதிர்கால அடி. அதோடு சேர்கிற விகுதி, அம்பர்ஃபே என்ற இறந்தகாலத்தினுடையது. எதிர்காலத்தின் உடம்பில் இறந்தகாலத்தின் வால். தமிழ் இரண்டு சொல்லை ஒட்டிச் செய்ததைப் பிரெஞ்சு துணைவினைக்குள்ளேயும் ஒரு முறை செய்துவைத்திருக்கிறது.

இதன் பலன் என்னவென்றால், மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அவ்வார் என்ற துணைவினைக்கு: ழோரே, த்யூ ஓரே, இல் ஓரே, நூ ஸோரியோன், வூ ஸோரியே, இல் ஸோரே. எத்ர் என்ற இன்னொரு துணைவினைக்கு (எது எங்கே என்று பிறகு சொல்கிறேன்): ழ ஸெரே, த்யூ ஸெரே, இல் ஸெரே, நூ ஸெரியோன், வூ ஸெரியே, இல் ஸெரே. அவ்வளவுதான். இதற்குப் பின்னால் எந்த வினையின் பார்த்திசிப் பஸேயை, அதாவது வ்யூ மாதிரியான எச்சத்தை, வைத்தாலும் கோந்திசியோனெல் பஸே தயார். ழோரே பர்லே, பேசியிருப்பேன். நூ ஸோரியோன் மான்ழே, சாப்பிட்டிருப்போம். இல் ஓரே ஸின்யே, கையெழுத்துப் போட்டிருப்பார்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘எனக்கு இருக்கும்’ என்ற வெறும் எதிர்காலமும் காதில் ஏறக்குறைய ழோரே என்றே விழும். எழுத்தில் கடைசியில் ஓர் எஸ் இருந்தால் அது கோந்திசியோனெல், இல்லாவிட்டால் எதிர்காலம். தேர்வுத் தாளில் அந்த எஸ் விழுந்துவிட்டால் 1962-இல் நடக்காமல் போனது இனிமேல் நடக்கப்போவதாக மாறிவிடும்.

அடுத்தது வாக்கியத்தின் முதல் பாதி. ‘பார்த்திருந்தால்’ என்பதற்குள் என்ன இருக்கிறது? பார்த்து, இருந்து, ஆல். துணைவினை இங்கே இறந்தகாலத்தில் நிற்கிறது. பிரெஞ்சிலும் அதேதான். ஸி என்பது நம் ‘ஆல்’. அதற்குப் பின்னால் வருவது ப்ளூஸ்கபர்ஃபே, அதாவது துணைவினையின் இறந்தகாலம். ஸி ழாவே வ்யூ, நான் பார்த்திருந்தால். ஆக முழு வாக்கியத்தில் துணைவினை முதல் பாதியில் இருந்த காலம், இரண்டாம் பாதியில் இருக்கிற காலம் இரண்டிலுமே தமிழும் பிரெஞ்சும் ஒன்று. இருந்தால், இருப்பேன். ழாவே, ழோரே.

ஸி க்ரான்-பேர் அவே ஓப்தே, நூ ஸெரியோன் நே ஆன் ஃப்ரான்ஸ். தாத்தா எழுதிக்கொடுத்திருந்தால், நாங்கள் பிரான்சில் பிறந்திருப்போம். இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, மேலே தமிழையும் கீழே பிரெஞ்சையும் வைத்துக் கோடு இழுத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஜோடி கிடைத்துவிடும். பிள்ளைகள் முகத்தில் அப்போது தெரிகிற தெளிவுக்காகத்தான் இந்த வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே தடுமாறுகிற இடம் இது. ஸி-க்குப் பின்னாலும் கோந்திசியோனெலையே போட்டுவிடுவார்கள். அங்கே ஆசிரியர்கள் அதைத் திருத்தச் சொல்கிற வழக்குத்தொடர் ஒன்று உண்டு: லெ ஸி நேம் பா லெ ரே. காதால் கேட்டால் ‘ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது’ என்று அர்த்தம். உள்ளே இருப்பது, ஸி இருக்கிற பாதியில் ‘ரே’ என்று முடிகிற வினை வரக்கூடாது என்ற விதி. நரம்பை, பனித்திட்டுப் பக்கத்துக் கடலோரப் பிள்ளைகளிடம் திருக்கையைப் பற்றி விளக்கவே வேண்டாம், ஒரு தரம் சொன்னால் மறக்காது. ஆனால் உண்மையைச் சொன்னால் இந்தச் சூத்திரமே தமிழ்ப் பிள்ளைக்கு அநாவசியம். ‘பார்த்திருப்பேனால்’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா? நாக்கே வராது. இங்கிலீஷ் வழியாக வருகிற பிள்ளைதான் இரண்டு பக்கமும் ‘வுட்’ போட்டுவிட்டு, அதை அப்படியே பிரெஞ்சுக்கும் கொண்டுபோகிறது.

1962-இல், நம் ஊர் சட்டப்படி கைமாறிய அதே வருடத்தில், பிரான்சில் ஈவ் ரொபேர் இயக்கிய ‘பொத்தான்களின் போர்’ என்ற படம் வெளிவந்தது. இரண்டு கிராமத்துப் பையன்கள் சண்டை போட்டு, தோற்றவர்களின் சட்டைப் பொத்தான்களைப் பறித்துக்கொள்கிற கதை. அதில் வருகிற மிகச் சின்னப் பையன், தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று அடிக்கடி சொல்வான். அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள். ஸி-க்குப் பின்னால் கோந்திசியோனெல் போடுவான். ‘வருதல்’ வினைக்கு எத்ர் போட வேண்டிய இடத்தில் அவ்வார் போடுவான். பிரான்சில் அந்த வாக்கியத்தைத் தெரியாதவர்கள் குறைவு. என் வகுப்பில் அந்தக் காட்சியைப் போட்டுக்காட்டினால் முதல் பிழையைப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுகிறார்கள். இரண்டாவது பிழையைப் பிடிக்கத்தான் நேரமாகிறது.

ஏன் என்று யோசித்தால், அங்கேதான் தமிழ் கைகொடுக்காத இடம் தொடங்குகிறது. இந்த வடிவத்துக்கு நமக்குத் துணைவினை ஒன்றே ஒன்று. வந்திருப்பேன், தின்றிருப்பேன், விழுந்திருப்பேன், எழுதியிருப்பேன் எல்லாவற்றுக்கும் இரு என்ற ஒரே வினை போதும். ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்று உடைமை சொல்லவும் அதே இரு. பிரெஞ்சு இந்த வேலையை இரண்டு வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார். போதல், வருதல், வந்துசேர்தல், கிளம்புதல், நுழைதல், வெளியேறுதல், ஏறுதல், இறங்குதல், விழுதல், தங்குதல், பிறத்தல், இறத்தல், ஆதல், திரும்புதல் போன்ற கொஞ்சம் வினைகளுக்கு எத்ர். தனக்குத்தானே செய்துகொள்கிற வினைகள் எல்லாவற்றுக்கும் எத்ர். இல் ஸ ஸெரே லெவே, அவன் எழுந்திருப்பான்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஏறுதல், இறங்குதல் மாதிரி சில வினைகள் செயப்படுபொருளோடு வந்தால் அவ்வாருக்கு மாறிவிடும் என்பதையும் சேர்த்துப் படித்துத்தான் ஆக வேண்டும். நான் செய்வது, அந்த வினைகளை ஒரு கதையாக்கிச் சொல்லச் சொல்வது. வில்லியனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிற ஒருவர், விழுப்புரத்தில் இறங்குகிறவர், ஊருக்குப் போகிறவர், அங்கேயே தங்குகிறவர், திரும்பி வருகிறவர். ரயில் மட்டும் அன்றைக்குத் தவறியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. ஒரே கதைக்குள் எத்ர் வினைகள் முக்கால்வாசி வந்துவிடும்.

எத்ர் வருகிற இடத்தில் பார்த்திசிப் பஸே எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி, பன்மைக்கு ஒரு மாதிரி எழுத வேண்டும். இதுவும் நமக்கு அந்நியமில்லை. வந்திருப்பான், வந்திருப்பாள், வந்திருப்பார்கள் என்று நாம் வினையின் கடைசியில் காட்டுவதை அவர்கள் எச்சத்தில் காட்டுகிறார்கள். பல சமயம் அந்த வித்தியாசம் காதில் விழாது. ‘இறத்தல்’ போன்ற சில வினைகளில் விழும்: இல் ஸெரே மோர், எல் ஸெரே மோர்த்.

வாக்கியத்தின் இரண்டாம் பாதி எப்போதும் இறந்தகாலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. விளைவு இன்றைக்கு வரைக்கும் நீடித்தால், பார்த்திசிப் பஸே இல்லாத கோந்திசியோனெல் ப்ரெஸான் போதும். ஸில் அவே ஓப்தே, ழோரே அன் பாஸ்போர் ஃப்ரான்ஸே. அவர் எழுதிக்கொடுத்திருந்தால், இன்றைக்கு என்னிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கும். தமிழிலும் இங்கே ‘இருந்திருக்கும்’ என்று சொல்லாமல் ‘இருக்கும்’ என்கிறோம். இதையும் சொல்லித்தரத் தேவையில்லை, சுட்டிக்காட்டினால் போதும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த வடிவம் ‘ஆல்’ இல்லாமல் தனியாக வருகிற இடங்கள்.

முதலாவது குறைப்பட்டுக்கொள்வது. த்யூ ஓரே ப்யூ ம ப்ரெவெனீர். இதற்கு இங்கிலீஷில் பொருள் சொல்லி, பிறகு அது எந்த மனநிலையில் வரும் என்று விளக்கப் பத்து நிமிடம் ஆகும். தமிழில் ஒரே வீச்சு: “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” அந்தக் கடைசி ஏகாரத்தில் இருக்கிற மனத்தாங்கல் அப்படியே பிரெஞ்சு வாக்கியத்திலும் இருக்கிறது. அதே மாதிரி ழோரே த்யூ வெனீர் இயேர், நேற்றே வந்திருக்கணும். ழோரே வுல்யூ, விரும்பியிருப்பேன். இந்த மூன்றையும் சரியாகப் பேசத் தெரிந்த பிள்ளை, பி2 வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் உயிர்ப்போடு பேசும்.

இரண்டாவது, செய்தித்தாளில் வருவது. உறுதியாகத் தெரியாத ஒரு சேதியைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் கோந்திசியோனெலில் எழுதும். ல மினிஸ்த்ர் ஓரே தெமிசியோனே. இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் இதை ‘ராஜினாமா செய்திருப்பார்’ என்று எடுத்துக்கொண்டு, அப்படியானால் ஏன் செய்யவில்லை என்று வாக்கியத்தின் முதல் பாதியைத் தேடுவார்கள். முதல் பாதியே கிடையாது. அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டாராம், அவ்வளவுதான். நம்முடைய ‘ஆம்’. வகுப்பில் ஒருநாள் பாகூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இதைத் தானாகவே கண்டுபிடித்தான். “அப்போ, பாகூர் ஏரியில முதலையப் பாத்தாங்களாம்னு சொல்றோமே, அதுவா மிஸ்?” என்றான். அதுவேதான். ஓன் ஓரே வ்யூ அன் க்ரொக்கொதில் தான் ல லாக். சொல்கிறவருக்கு அதன் உண்மையில் பொறுப்பில்லை என்பதை நாம் ஓர் ஒட்டால் சொல்கிறோம், அவர்கள் ஒரு வினை வடிவத்தால் சொல்கிறார்கள். நம் பத்திரிகைகளில் ‘என்று கூறப்படுகிறது’ என்று நீட்டி எழுதுகிற இடத்தில் பிரெஞ்சுப் பத்திரிகைக்கு ஓரே என்ற ஒரு சொல் போதும்.

சரி, தமிழ் எங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அவர் வந்திருப்பார்’ என்று தமிழில் சொன்னால் அதற்குக் குறைந்தது இரண்டு பொருள். அழைத்திருந்தால் வந்திருப்பார், ஆனால் வரவில்லை என்பது ஒன்று. இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார் என்று ஊகிப்பது இன்னொன்று. முதல் பொருளுக்கு மட்டும்தான் இல் ஸெரே வென்யூ. ஊகத்துக்கு இல் ஸெரா வென்யூ என்றோ, இல் ஆ த்யூ வெனீர் என்றோ சொல்ல வேண்டும். ‘வந்தாரா, வரவில்லையா?’ என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்கிறேன். வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஸெரே.

இன்னொன்று, பழைய வழக்கத்தைச் சொல்வது. “சின்ன வயசுல ஊசுட்டேரிக்குப் போவோம், பறவை பாப்போம்” என்று நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். இங்கிலீஷிலும் இதற்கு ‘வுட்’ வரும். பிரெஞ்சில் இதற்குக் கோந்திசியோனெலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, அம்பர்ஃபேதான். நூ ஸாலியோன், போவோம். தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து தவறான பக்கம் இழுக்கிற ஒரே இடம் இது என்பதால் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஸி என்ற சொல்லுக்கும் இரண்டு முகம். ழ ந ஸே பா ஸில் ஸெரே வென்யூ. இங்கே ஸி-க்குப் பின்னால் ஸெரே வந்திருக்கிறதே, விதி உடைந்துவிட்டதே என்று பிள்ளைகள் பதறுவார்கள். தமிழாக்கிப் பாருங்கள்: ‘வந்திருப்பாரா என்று தெரியவில்லை’. இங்கே ‘ஆல்’ இல்லை, கேள்வி ‘ஆ’ இருக்கிறது. திருக்கை மீன் விதி ‘ஆல்’ வருகிற ஸி-க்கு மட்டும். பிரெஞ்சில் ஒரே சொல் இரண்டு வேலை செய்து குழப்புகிற இடத்தில் தமிழ் இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய வசதி!

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு வருத்தமும் கூடவே வருகிறது. பிரெஞ்சு என்றால் கடற்கரைப் பக்கத்து வெள்ளை நகரம், லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளி, அங்கே இருக்கிற குடும்பங்கள் என்று இங்கே ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கு அது பாஸ் மார்க் வாங்குகிற பாடம், அவ்வளவுதான். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1783-இல் பிரான்சும் இங்கிலாந்தும் வெர்சாயில் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டபோது, புதுச்சேரியைச் சுற்றி இருக்க வேண்டிய பகுதிகள் என்று வில்லியனூரையும் பாகூரையும்தான் பெயர் சொல்லி எழுதினார்கள். அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று, பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்ததைச் சொல்கிறது. வெளியூர் மாணவர்களும் ஆசிரியர்களும் தேடிவந்து தங்கி இன்னொரு மொழியில் சாத்திரம் படித்த ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளையை ‘உனக்கு இந்தப் பாடம் வராது’ என்று யாரும் ஒதுக்கக் கூடாது.

அதனால் பயிற்சி வாக்கியங்களையும் நான் இங்கிருந்துதான் எடுக்கிறேன். புத்தகத்தில் பாரிஸ் மெட்ரோவைத் தவறவிட்டவரைப் பற்றி எழுதச் சொல்லியிருப்பார்கள். என் பிள்ளைகள் மழையைப் பற்றி எழுதுகிறார்கள். ஸில் அவே ப்ள்யூ, நூ ஸோரியோன் ரெப்பிக்கே ல ரீ. மழை பெய்திருந்தால் நாற்று நட்டிருப்போம். 1752-இல் பாகூரில் நடந்த சண்டையைப் பற்றி எழுதுகிறார்கள். ஸ்ட்ரிங்கர் லாரன்சின் ஆங்கிலேயப் படை கெர்ழானின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த இடம் அது. இரண்டு வருடம் கழித்து, ஆளுநராக இருந்த துய்ப்ளெக்ஸைப் பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. ஸி கெர்ழான் அவே கான்யே, துய்ப்ளெக்ஸ் ஸெரே ரெஸ்தே. கெர்ழான் வென்றிருந்தால் துய்ப்ளெக்ஸ் தங்கியிருப்பார். ஒரு பெண் இந்த வாக்கியத்தில் ப்யூதெத்ர் என்ற சொல்லைத் தானே சேர்த்து எழுதினாள், ‘ஒருவேளை’ என்று அர்த்தம். ஏன் சேர்த்தாய் என்று கேட்டேன். “ஒரு சண்டைல ஜெயிச்சா மட்டும் போதுமா மிஸ், காசு வேணாமா, கப்பல் வேணாமா?” என்றாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

கீழூரைப் பற்றியும் எழுதச் சொல்வேன். அன்றைக்கு 170 பேரும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? கெஸ் கி ஸ ஸெரே பஸே? என்ன ஆகியிருக்கும்? தனக்குத்தானே நடக்கிற வினை என்பதால் இங்கே எத்ர். இந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வேறு வேறு. தியாகி ஒருவரின் பேத்தி எழுதுவது ஒன்று, பிரான்சில் மாமா இருக்கிற பையன் எழுதுவது வேறொன்று. இரண்டு பேருக்கும் நான் திருத்துவது வினையின் விகுதியை மட்டும்தான்.

எதிர்மறையைச் சொல்ல மறந்துவிட்டேன். ந, பா இரண்டும் துணைவினையைத்தான் கட்டிப்பிடிக்கும், எச்சத்தை அல்ல. ழ நோரே பா தி, சொல்லியிருக்க மாட்டேன். தமிழிலும் ‘மாட்டேன்’ வந்து சேர்வது இரு என்பதோடுதான், ‘சொல்லி’ அப்படியே இருக்கிறது.

கடைசியாக, பழைய புத்தகம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களிலும் அந்தக் காலத்து நடையிலும் ழோரே வர வேண்டிய இடத்தில் ழுஸ் என்றும், இல் ஓரே வர வேண்டிய இடத்தில் தலையில் தொப்பி போட்ட எழுத்தோடு இல் யூ என்றும் வரும். கோந்திசியோனெல் பஸேயின் இரண்டாவது வடிவம் என்று இலக்கணப் புத்தகங்கள் அதைச் சொல்கின்றன. வடிவத்தால் அது சுப்ஜோங்த்திஃபின் ப்ளூஸ்கபர்ஃபே. அது ஸி இருக்கிற பாதியிலும் வரும், எதிர்ப்பாதியிலும் வரும், திருக்கை மீன் விதி அதற்குச் செல்லாது. இன்றைக்கு யாரும் பேச்சில் சொல்வதில்லை, தேர்விலும் எழுத வேண்டியதில்லை. படிக்கும்போது எதிர்ப்பட்டால், ‘இருந்திருக்கும்’ என்று மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.